புல்வாருக்கு உள்ளே

பாண்டிச்சேரி போய்விட்டு வந்தேன் என்றால் நம் வகுப்பில் அடுத்த கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். "எத்தனை பாட்டில்டா மச்சி?" ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பாட்டில் பதிவு அல்ல. அந்த ஆசையில் வந்தவர்கள் இப்படியே வெளியேறிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இது ஒரு மதில் சுவரைப் பற்றிய பதிவு. அதுவும் இல்லாத மதில் சுவர்.

மதில் மேல் எனக்குத் திடீர்க் காதல் வந்ததற்கு ஒரு போர்டு கேம் காரணம். கார்கசோன் என்று பெயர். சின்னச் சின்ன அட்டைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து மதில் சூழ்ந்த ஊர் கட்ட வேண்டும். மதில் முழுசாக மூடினால்தான் முழு மார்க். செமஸ்டர் லீவில் இதை ராப்பகலாக ஆடிவிட்டு, அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு ஊர் இருக்கிறது என்று தெரிந்ததும் தேடிப் படித்தேன். பிரான்ஸின் தெற்கே, இரட்டை மதிலும் ஐம்பதுக்கு மேல் கோபுரங்களும் கொண்ட இடைக்காலக் கோட்டை நகரம். பார்த்தால் ராஜா காலத்து சினிமா செட் மாதிரி இருக்கும். கொஞ்சம் செட்தான் என்றும் சொல்கிறார்கள்! 19-ஆம் நூற்றாண்டில் அது பாழடைந்து கிடந்தது. 1849-இல் பிரெஞ்சு அரசாங்கமே இடித்துத் தள்ள முடிவெடுத்தது. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு நிறுத்தினார்கள். பிறகு 1853 முதல் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் புதுப்பித்தார். கோபுரங்களின் கூம்புத் தொப்பிகள் வடக்கத்திப் பாணி, இந்த ஊருக்குச் சம்பந்தமில்லாதவை என்று அவரை இன்றுவரை திட்டுகிறார்கள். 1997-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

பிரான்ஸுக்குப் போக பி.காம். மாணவனிடம் என்ன இருக்கிறது? பாஸ்போர்ட்டே இல்லை. ஆனால் திருவான்மியூரில் பஸ் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் ஒரு பிரெஞ்சு ஊர் இருக்கிறது. அங்கே நண்பனின் அத்தை வீடும் இருக்கிறது. தங்கும் செலவு பூஜ்யம். கிளம்பிவிட்டோம்.

கிளம்பும்போது நண்பனின் அப்பா தி.நகர் வீட்டு வாசலில் நின்று ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் கையில் கொடுத்தார். அவன் கையில் இல்லை, என் கையில். "நீதான்பா கணக்கெல்லாம் நல்லா சொல்லுவ. அத்தைகிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லு." ஃபைலுக்குள் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கடற்கரைச் சாலையில் நடந்தோம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தியைப் பார்த்தோம். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைப் பார்த்தோம். மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்தோம் (எங்களுக்கு முன்னால் வரிசையில் ஒரு கல்யாண ஜோடி, அவர்களுக்கு முன்னால் இன்னொரு கல்யாண ஜோடி). துய்மா வீதியின் நீலப் பலகையைப் பார்த்து நண்பன், "மூன்று துப்பாக்கி வீரர்கள் கதை எழுதினாரே, அவர்டா" என்று பெருமையாகச் சொன்னான். இல்லை. இந்த துய்மா 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்தவர். அதே பகுதியில் இருக்கும் ரொமேன் ரோலன் வீதிதான் எழுத்தாளர் பெயர். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே (இங்கே ஸ்மைலி போட்டுக்கொள்ளவும்).

எல்லாம் பார்த்தாயிற்று. கோட்டை எங்கே? மதில் எங்கே? பிரெஞ்சுக்காரன் ஊர் என்றால் ஒரு சின்னச் சுவராவது மிச்சம் இருக்க வேண்டாமா?

ராத்திரி சாப்பிடும்போது அத்தையிடம் கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மதிலா? அப்படி ஒண்ணும் இல்லியே தம்பி. நம்ம வீடு புல்வாருக்கு உள்ளதான இருக்கு, நான் பார்த்ததில்லையே" என்றார்.

புல்வாருக்கு உள்ளே. அத்தை இந்த வார்த்தையை அன்று மட்டும் பத்துத் தடவை சொல்லியிருப்பார். புல்வாருக்கு உள்ளே வாடகை ஜாஸ்தி. புல்வாருக்கு வெளியே காய்கறி மலிவு. மாமா வேலை பார்த்த ரோடியர் மில் புல்வாருக்கு வெளியே (அந்த மில் 2020-இல் மூடப்பட்டுவிட்டது, மாமா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்). ஏதோ பேட்டையின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்துக்கொண்டு போனில் தேடினால், அது நம்ம 'பூல்வார்' என்கிற பிரெஞ்சு வார்த்தைதான். மரம் வைத்த அகலச் சாலை. ஆனால் அந்த வார்த்தையின் பழைய அர்த்தம் சாலையே இல்லை, கோட்டை அரண்! டச்சுக்காரர்களின் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. பாரிஸில் பழைய மதிலை இடித்து அந்தத் தடத்திலேயே சாலை போட்டபோது, அரணின் பெயர் சாலைக்கு ஒட்டிக்கொண்டது.

பாண்டிச்சேரியிலும் அதேதான் நடந்திருக்கிறது. ஊரைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஓடும் சாலை இருக்கிறதே, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே பட்டேல் சாலை, அந்த வளையம்தான் பழைய மதிலின் தடம். மதில் போய் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அத்தை வாயில் மட்டும் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

மறுநாள் விடியற்காலையில் நண்பனை எழுப்பி அந்த வளையத்தை நடந்தே சுற்ற இழுத்துப் போனேன். ரயில் நிலையத்துப் பக்கம் ஆரம்பித்து, தாவரவியல் பூங்கா மூலையில் திரும்பி, அண்ணா சாலை வழியாக வடக்கே. பார்க்க ஒன்றும் இல்லை, பார்மசி, டயர் கடை, பிரியாணிக் கடை, கட்-அவுட்டுகள். ஆனால் ஒன்று கவனித்தேன். வலது கைப் பக்கம், அதாவது உள்ளே, தெருக்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்து முட்டுகின்றன. இடது கைப் பக்கம் அவரவர் இஷ்டத்துக்கு வளைகின்றன. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டம்தான் உள்ளே இருப்பது. பிரெஞ்சு நகரத்தின் பிரெஞ்சு அழகு என்று நாம் போட்டோ எடுக்கும் நேர்த் தெருக்கள் டச்சுக் கணக்கு. சரித்திரம் இப்படித்தான் நக்கல் செய்கிறது.

மயிலாப்பூர்க்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஊரின் ஆரம்பம் நம்ம சாந்தோமில் இருக்கிறது. அப்போது சாந்தோம் போர்த்துகீசியர் கட்டிய மதிலோடு இருந்த ஊர், 1672-இல் அது கோல்கொண்டாவின் கையில் இருந்தது. அந்த வருஷம் தெ லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து அதைப் பிடித்துக்கொண்டார். கோல்கொண்டா படையும் டச்சுக்காரர்களும் சூழ்ந்துகொள்ள, 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். அந்த முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே பிரான்சுவா மர்த்தேன் என்பவர் தெற்கே பாண்டிச்சேரிக்கு அனுப்பப்பட்டார். சாந்தோம் விழுந்த பிறகு சுமார் 60 பேரை வைத்துக்கொண்டு அவர் வளர்த்தெடுத்த இடம்தான் பின்னால் பிரெஞ்சிந்தியாவின் தலைநகரம். ஆக, என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த பிரெஞ்சு ஊர் இரண்டு வருஷம் இருந்திருக்கிறது! சாந்தோம் பீச்சில் எத்தனை தடவை சுண்டல் தின்றிருப்பேன், யாராவது சொன்னார்களா?

1746-இல் அவர்கள் திரும்ப வந்து மொத்த மெட்ராஸையும் பிடித்தார்கள். அதே வருஷம் அடையாறு முகத்துவாரத்தில், இன்றைக்கு நாம் குயிபிள் ஐலண்ட் என்று சொல்லும் பக்கத்தில், ஆயிரம் பேர் கூட இல்லாத பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் பெரிய படையை விரட்டியடித்தது. 1749-இல் மெட்ராஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1758-இல் கடலூர் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்தக் கணக்கெல்லாம் ஒரு நாள் நேர் செய்யப்படும் இல்லையா? செய்யப்பட்டது.

1760-இல் ஐர் கூட்டின் ஆங்கிலேயப் படை பாண்டிச்சேரியைச் சூழ்ந்தது. உள்ளே லாலி என்ற தளபதி, குறைந்துகொண்டே வரும் தானியம். நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவெடுத்தார். ஊருக்குள் மிச்சமிருந்த உள்ளூர் ஜனங்கள் சுமார் 1400 பேரை மதிலுக்கு வெளியே துரத்திவிட்டார். சாப்பிடும் வாய் குறையும் என்ற கணக்கு. வெளியே ஆங்கிலேயர்கள் அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. உள்ளே இவர்கள் திரும்ப விடவில்லை. இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில், பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், புல் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு ஒரு வாரம் போலக் கிடந்திருக்கிறார்கள். கடைசியில் ஆங்கிலேயர்களே வழிவிட்டார்கள்.

அண்ணா சாலையில் எந்த இடத்தில் அது நடந்தது என்று குறிப்பிட்டுச் சொல்ல ஒரு கல் கூட எங்கள் கண்ணில் படவில்லை. துய்ப்ளெக்ஸுக்குச் சிலை இருக்கிறது. ஜோன் ஆஃப் ஆர்க்குக்குக் கூட இருக்கிறது.

மதில் என்றால் உள்ளே இருப்பவர்களைக் காப்பது என்றுதான் போர்டு கேமில் படித்திருந்தேன். யார் 'உள்ளே' என்பதை முடிவு செய்பவர் வேறு ஒருவர் என்பது விளையாட்டில் வராது. உள்ளே இருந்தபோதும் இரண்டு ஊர்தான். கடல் பக்கம் வெள்ளையர் நகரம், நடுவில் வாய்க்கால், மேற்கே தமிழர் பகுதி. 1748 முற்றுகை நேரத்தில் வேதபுரீசுவரர் கோயிலை துய்ப்ளெக்ஸின் ஆட்கள் இடித்தார்கள். அதைக் கண்ணால் கண்டு தமிழில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் நம்ம பெரம்பூரில் பிறந்தவர், வியாபாரி, துய்ப்ளெக்ஸின் துபாஷ். 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, துணி விலை, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கவர்னர் வீட்டு வம்பு எல்லாம் இருக்கும். காமர்ஸ் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். (பிரபஞ்சன் இதை வைத்து எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் படியுங்கள். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருது.) 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே ஜனவரி 16-ஆம் தேதி ஊர் சரணடைந்தது. ஆங்கிலேயர்கள் மதில், கோட்டை, வீடு என்று ஒன்று விடாமல் இடித்தார்கள். 1763 சமாதானத்துக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, 1765 முதல் ஊரை மறுபடி கட்டினார்கள். நாம் சாய்ந்து நிற்கும் எந்த மஞ்சள் சுவரும் இடைக்காலம் கிடையாது சாமி.

இப்போது ஃபைல்.

அத்தை வீடு வாய்க்காலுக்கு மேற்கே. கீழே முழுக்கத் தமிழ்: தெருவைப் பார்த்த தாழ்வாரம், திண்ணை, முற்றம், பின்கட்டு. மாடியில் பிரெஞ்சு: வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய தூண், மரப் பட்டை வைத்த கதவு. முன் அறையில் ஒரு தையற்காரர் முப்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். வாடகையும் ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முந்தையது. வீட்டுக்கு மூன்று பங்கு: அத்தை, தி.நகர் அண்ணன், பிரான்ஸில் இருக்கும் தம்பி. ஃபைலில் இருந்தது ஒரு ஓட்டல் கம்பெனி அனுப்பிய குத்தகை ஒப்பந்த நகல். 30 வருஷம். வீட்டை அவர்களே செலவு செய்து புதுப்பிப்பார்கள். மாதாமாதம் மூன்று பேருக்கும் பணம். கூடவே நான் போட்டுத் தந்த எக்ஸெல் கணக்கின் பிரிண்ட் அவுட்டும்.

கணக்கில் ஒளிவுமறைவே இல்லை. வீட்டை இப்படியே வைத்திருந்தால் வருஷா வருஷம் நஷ்டம். மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது. மாடி உத்திரம் ஒன்றைச் செல் அரித்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கிடைத்தால் கூலி அதிகம். சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே கடற்கரைச் சாலையில் இருந்தது. மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி, பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். அத்தையிடம் உலக வங்கியா இருக்கிறது? பழைய வீடு அழகு, விற்காதீர்கள், கொடுக்காதீர்கள் என்று வெளியூர்க்காரன் எழுதுவது சுலபம். ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது அவன் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டல்காரர்கள் வரைந்த பிளானை வாங்கிப் பார்த்தார்.

"தையக்கடை எங்கப்பா?"

"அது லாபி ஆயிடும் அத்தை."

"சாமி ரூமு?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்தேன். "ஸ்பா."

"அப்படின்னா?"

"எண்ணெய் தேச்சு விடுற எடம்."

அத்தை சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவரே 14-ஆம் ஷரத்துக்கு வந்தார். உரிமையாளர்கள் ஆண்டுக்கு 7 நாட்கள் கட்டணமின்றித் தங்கிக்கொள்ளலாம், முன்கூட்டித் தெரிவித்தால், அறை காலியாக இருக்கும் பட்சத்தில். இதை அத்தை சத்தமாக இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பேச்சை மாற்ற கார்கசோன் கதையைச் சொன்னேன். அரசாங்கமே இடிக்க வந்தது, ஊர் ஜனங்கள் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள், இப்போது உலகமே வந்து பார்க்கிறது என்று. எனக்கு அது நம்பிக்கை தரும் கதை. அத்தை கேட்டது ஒரே கேள்வி.

"இப்ப அந்த மதிலுக்குள்ள யாரு குடியிருக்கா?"

உண்மையைச் சொன்னேன். மிகக் கொஞ்சம் பேர். மற்றதெல்லாம் ஓட்டல், ரெஸ்டாரண்ட், கடை. சாதாரண ஜனங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கீழ் ஊரில் இருக்கிறார்கள்.

"பாலு எங்க வாங்குவாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தை ஏன் கேட்டார் என்று தெரிந்தது. அவர் தெருவில் பால் பூத் இருந்த இடம் இப்போது காபி ஷாப். அங்கே ஒரு கப் காபி விலைக்கு அத்தை இரண்டு நாள் பால் வாங்குவார். மளிகைக் கடை இருந்த இடத்தில் தோல் பை விற்கிறார்கள். எதிர் வீட்டில் வாரக் கடைசியில்தான் விளக்கு எரிகிறது. யாரும் யாரையும் துரத்தவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கிக்கொண்டு, புல்வாருக்கு வெளியே போயிருக்கிறார்கள். லாஸ்பேட்டையில், ரெட்டியார்பாளையத்தில் ஒழுகாத வீட்டில் நிம்மதியாகவும் இருக்கலாம். நான் கணக்கில் அத்தைக்கும் லாஸ்பேட்டையில் ஒரு ஃபிளாட் வாடகை போட்டிருந்தேன். அதைச் சொன்னபோது "லிப்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். தலையாட்டினார். எனவே அவர் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 14-ஆம் ஷரத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: பின்கட்டு இரண்டு அறையும் சமையல்கட்டும் என் ஆயுசு வரைக்கும் எனக்கு. தையற்கடை திண்ணையிலாவது இருக்கணும். இதற்கு ஒப்புக்கொண்டால் பேசலாம். கீழே தேதியும் போட்டிருந்தார். மில் கணக்கர் மனைவி அல்லவா!

தி.நகரில் அங்கிள் அதை ஸ்கேன் செய்து பிரான்ஸுக்கு அனுப்பினார். தம்பி சரி என்றுவிட்டார். ஓட்டல் கம்பெனியிலிருந்து போன வாரம் பதில் வந்தது. தையற்காரர் விஷயத்தைப் 'பரிசீலிக்கலாமாம்', வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் பிடிக்குமாம். ஆனால் பின்கட்டு ஓட்டல் கிச்சனுக்குக் கண்டிப்பாக வேண்டுமாம். அத்தை இன்னும் பதில் சொல்லவில்லை.

மழை வருவதற்குள் அந்த உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். நண்பன் ஒரு கொத்தனாரைப் பேசி வைத்திருக்கிறான். செலவு மூன்று பங்காகப் பிரியும், அந்தக் கணக்கும் என் தலையில்தான்.